காலி வீட்டுக்கு எதுக்கு டிக்கெட்? டிரேட்டன் ஹால் பத்தி கொஞ்சம் விரிவா

கேள்வி இதுதான்: "அடுத்த மாசம் ஃபேமிலியோட சார்ல்ஸ்டன் போறோம், பழைய சதர்ன் வீடு ஒண்ணு பாக்கணும்னு வீட்டுல ஆசை. டிரேட்டன் ஹால் போங்கன்னு ஒருத்தர் சொன்னார், ஆனா உள்ள ஒரு நாற்காலி கூட கிடையாதாமே, காலி வீட்டைப் பாக்க ஆளுக்கு ஒரு டிக்கெட் வாங்கணுமா? அதுல அப்படி என்னதான் இருக்கு?"

நியாயமான கேள்விங்க. நான் சிவில் படிச்சவன், இந்தப் பக்கம் வேலைக்கு வந்து பல வருஷம் ஆச்சு, அந்த வீட்டுக்கு இதுவரைக்கும் நாலு தடவை போயிருக்கேன். முதல் தடவை போனப்போ இருபது நிமிஷத்துல வெளிய வந்துட்டேன், என்னடா இது சுவரும் கதவும் தவிர ஒண்ணும் இல்லன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே வந்தேன், அதனால உங்க சந்தேகம் எனக்கு நல்லா புரியுது. மூணாவது தடவைதான் எனக்கே உறைச்சது, அந்த வீட்டுல பாக்க வேண்டியதே சுவரும் கதவும்தான்னு. அதைத்தான் இங்க கொஞ்சம் நிதானமா சொல்லப் பாக்குறேன், நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

சவுத் கரோலினாவுல சார்ல்ஸ்டன் டவுன்டவுன்ல இருந்து கார்ல ஒரு அரை மணி நேரம், ஆஷ்லி ரிவர் ரோடுன்னு ஒரு ரோடு. ரெண்டு பக்கமும் ஓக் மரங்க குடை பிடிச்ச மாதிரி வளைஞ்சு நிக்கும், கிளையெல்லாம் ஸ்பானிஷ் மாஸ்ங்கிற கொடி மாதிரி செடி நரைச்ச தாடி மாதிரி தொங்கும். அந்த ரோட்டுலயே வரிசையா மூணு பழைய எஸ்டேட் வருது, டிரேட்டன் ஹால், மக்னோலியா, மிடில்டன் பிளேஸ். இதுல மக்னோலியாதான் டிரேட்டன் குடும்பத்தோட மூல வீடு. அங்க 1715-ல பிறந்தவர் ஜான் டிரேட்டன், மூணாவது பையன். மூணாவது பையனுக்கு அப்பா வீடு வராதுன்னு தெரிஞ்சுபோச்சு, மனுஷன் 1738-ல பக்கத்துலயே நிலத்தை வாங்கிட்டார், வயசு அப்போ 23 தான். வாங்கி, அண்ணன் வீட்டை எல்லாம் தூக்கிச் சாப்பிடுற மாதிரி ஒண்ணு கட்டணும்னு இறங்கினார்னு நான் நினைச்சுக்குவேன், அது என் கற்பனை, ஆனா அந்த வீட்டைப் பாத்தா உங்களுக்கும் அப்படித்தான் தோணும்.

ரொம்ப நாளா எல்லாரும் வீடு 1738-ல இருந்து 1742-க்குள்ள கட்டினதுன்னே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் மச்சுல, அதாவது கூரைக்குக் கீழ இருக்கிற உத்தரங்கள்ல இருந்து சாம்பிள் எடுத்து மரத்தோட வளையத்தை எண்ணிப் பாத்தாங்க. மரம் வருஷத்துக்கு ஒரு வளையம் போடும், மழை நல்லா பெஞ்ச வருஷம் வளையம் தடிமனா இருக்கும், வறட்சின்னா மெலிசா இருக்கும், அந்த ஊர் மரங்களோட வளைய வரிசை ஏற்கனவே பதிவுல இருந்தா அதோட ஒப்பிட்டு இந்த மரம் எந்த வருஷம் வெட்டினதுன்னு சொல்லிடலாம். வந்த விடை 1747-48 குளிர்காலம். அப்போ 1742-ல வீடு முடிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல, கூரைக்கான மரமே இன்னும் காட்டுலதான நின்னுக்கிட்டு இருந்திருக்கு. 1750 வாக்குலதான் குடி வந்திருக்காங்கன்னு இப்போ கணக்கு. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம், குடும்பம் சொல்ற கதையை வீட்டோட உத்தரமே வந்து திருத்துது.

சரி, ஆர்க்கிடெக்சருக்கு வர்றேன். முதல்ல ஒரு தப்பான எண்ணத்தைச் சரி பண்ணணும். சதர்ன் வீடுன்னா நமக்கெல்லாம் சினிமாவுல பாத்த படம்தான் மனசுல வரும், வெள்ளை வெளேர்னு மாளிகை, தரையில இருந்து கூரை வரைக்கும் ஒரே உயரமா பெரிய பெரிய தூண். அது கிரீக் ரிவைவல் ஸ்டைல், தெற்குல அது பரவினதே 1830-களுக்கு அப்புறம்தான், பருத்தி காசு கொட்டின காலம். டிரேட்டன் ஹால் அதுக்கு ரெண்டு மூணு தலைமுறை முந்தினது, நெல்லு காசுல கட்டினது, வெள்ளை பெயின்ட் கிடையாது, செங்கல் அப்படியே தெரியும். ஸ்டைல் பேரு பலாடியன். இத்தாலியில வெனிஸ் பக்கம் 1500-கள்ல இருந்த ஆந்திரேயா பலாடியோங்கிற ஆர்க்கிடெக்ட், பண்ணை முதலாளிகளுக்கு வில்லா கட்டிக் கொடுத்தவர், பழைய ரோமானியக் கோயிலோட முகப்பை எடுத்து வீட்டு வாசல்ல வச்சவர்னு சுருக்கமா சொல்லலாம். அவர் புத்தகம் 1570-ல வந்துச்சு, அதை இங்கிலாந்துக்காரங்க நூறு நூத்தம்பது வருஷம் கழிச்சுப் பைத்தியமா பிடிச்சுக்கிட்டாங்க, அங்க இருந்து கப்பலேறி கரோலினாவுக்கு வந்துடுச்சு. அமெரிக்காவுல இன்னைக்கு நிக்கிற பலாடியன் வீடுகள்ல ரொம்ப பழசு, முழுசா அந்த முறைப்படி கட்டினதுன்னா டிரேட்டன் ஹாலைத்தான் சொல்றாங்க.

ரோட்டுப் பக்கம் இருந்து பாத்தா நடுவுல ரெண்டு மாடி முகப்பு மண்டபம், போர்ட்டிகோ. கீழ டோரிக் தூண், அதாவது அலங்காரம் இல்லாத எளிமையான வகை, மேல அயோனிக் தூண், தலைப்பக்கம் சுருள் வச்ச வகை, அதுக்கு மேல முக்கோண நெத்தி. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, அதைத்தான் முதல் தடவை நான் கவனிக்கவே இல்ல. சாதாரணமா போர்ட்டிகோன்னா சுவருக்கு முன்னால நீட்டிக்கிட்டு நிக்கும், இல்லன்னா சுவருக்குள்ள குடைஞ்சு வச்சிருப்பாங்க. இங்க ரெண்டும் சேர்த்து, பாதி வெளிய நீட்டிட்டு பாதி வீட்டுக்குள்ள போயிருக்கு. பலாடியோவோட வில்லா கொர்னாரோன்னு ஒண்ணு, அதுல இதே மாதிரி ரெண்டு அடுக்கு முகப்பு வரும், அதோட சாயல் இது. அழகு ஒரு பக்கம், பிரயோஜனம் ஒரு பக்கம். சார்ல்ஸ்டன் வெயிலும் புழுக்கமும் நம்ம கடலோர ஊர் புழுக்கத்துக்குக் கொஞ்சமும் சளைச்சது இல்ல, அந்த ஆழமான நிழல்ல மதியம் நின்னு பாருங்க, ரோட்டுப் பக்கக் கதவையும் நதிப் பக்கக் கதவையும் திறந்து விட்டா நடு ஹால் வழியா காத்து சும்மா ஜிலுஜிலுன்னு ஓடும். தரைத் தளம் பூரா பேஸ்மென்ட் மாதிரி உயர்த்திக் கட்டி, முதலாளி குடும்பம் புழங்குற தளத்தை அதுக்கு மேல தூக்கி வச்சிருக்காங்க, படியேறித்தான் போகணும். ஈரத்துல இருந்து தப்பிக்கிறதும் ஆச்சு, வர்றவன் அண்ணாந்து பாத்துக்கிட்டே ஏறுறதும் ஆச்சு. எப்படிப்பட்ட ஆளோட வீட்டுக்கு வர்றோம்னு அந்தப் படியே சொல்லிடும்.

டிசைன் யாரோடதுன்னு எழுதி வச்ச காகிதம் எதுவும் கிடையாது. ஆனா ஜான் டிரேட்டன் லண்டன்ல அச்சடிச்ச டிசைன் புத்தகங்களைப் பாத்துத்தான் பண்ணியிருக்கார்ங்கிறதுக்கு வீட்டுக்குள்ளயே தடயம் இருக்கு, பெரிய ஹால்ல நெருப்பு மூட்டுற அடுப்புக்கு மேல இருக்கிற மர வேலைப்பாடு, வில்லியம் கென்ட் 1727-ல வெளியிட்ட, இனிகோ ஜோன்ஸ்ங்கிற பழைய இங்கிலாந்து ஆர்க்கிடெக்டோட டிசைன்கள் புத்தகத்துல இருக்கிற ஒரு படத்தோட அப்படியே ஒத்துப்போகுது. அதாவது கடல் கடந்து வந்த ஒரு படத்தை வச்சுக்கிட்டு, இங்க காட்டுக்கு நடுவுல உட்கார்ந்து ஒரு ஆசாரி உளியால அதை மரத்துல எடுத்திருக்கார். யார் அந்த ஆசாரி? இந்தக் கேள்விக்கு அப்புறம் வர்றேன், அதுதான் முக்கியமான கேள்வி.

வெளிச் சுவர்கிட்ட போனா செங்கல் கட்டைக் கவனிங்க. பிளெமிஷ் பாண்ட், சிவில் பசங்களுக்கு முதல் வருஷப் பாடம், ஒவ்வொரு வரியிலயும் ஒரு கல்லு நீளவாட்டுல ஒரு கல்லு தலைவாட்டுல மாத்தி மாத்தி வரும். பாக்க அழகு, ஆனா கொத்தனாருக்குப் பொறுமையும் கணக்கும் வேணும். அந்தப் பக்கத்துல சுண்ணாம்புக்கல்லு சுலபமா கிடைக்காது, அதனால கடலோரத்துல கிடைக்கிற சிப்பியைச் சுட்டு சுண்ணாம்பு எடுக்கிறது வழக்கம், நம்ம ஊர்ல கிளிஞ்சல் சுட்டு சுண்ணாம்பு எடுப்பாங்களே, அதே வேலைதான்.

நீங்க இன்னைக்குப் பாக்குறது வீட்டோட நடுப்பகுதி மட்டும்தான், இதை மறந்துடாதீங்க. முதல்ல ரெண்டு பக்கமும் தனித்தனியா ரெண்டு கட்டடம் இருந்துச்சு, ஒண்ணு சமையல்கட்டு, ஒண்ணு துணி துவைக்கிற இடம், பெரிய வீட்டோட வளைஞ்ச மதில் மாதிரி தூண் வரிசையால இணைச்சிருந்தாங்க. 1765-ல வரைஞ்ச ஒரு வாட்டர்கலர் ஓவியம் இருக்கு, பியேர் யூஜீன் டு சிமிட்டியேர்ங்கிறவர் வரைஞ்சது, அதுல இந்த முழு அமைப்பும் தெரியுது. பலாடியோ சொன்ன மாதிரி நடுவுல ஒரு உடம்பு, ரெண்டு கை நீட்டி வர்றவங்களை வளைச்சுப் பிடிக்கிற மாதிரி. அந்த ரெண்டு கையும் போன கதை தனி. 1886 ஆகஸ்ட் 31 ராத்திரி சார்ல்ஸ்டன்ல பெரிய பூகம்பம், ஊரே ஆடிப்போச்சு, அதுல துவைக்கிற கட்டடம் போச்சு. 1893 ஆகஸ்ட்ல பெரிய புயல், அதுல சமையல்கட்டு போச்சு. (சார்ல்ஸ்டன் டவுன்ல நடக்கும்போது பழைய வீட்டுச் சுவர்ல வெளிப்பக்கம் வட்டமா, நட்சத்திரமா இரும்புத் தட்டு நிறைய தெரியும், அலங்காரம்னு நினைச்சு போட்டோ எடுப்பாங்க. பூகம்பத்துக்கு அப்புறம் சுவரை இழுத்துப் பிடிக்க வீட்டுக்குக் குறுக்க விட்ட இரும்புக் கம்பியோட முனை அது, பிள்ளைங்களுக்குக் காட்டுங்க.) நடு வீடு மட்டும் ரெண்டுக்கும் தப்பிச்சு நிக்குது.

இப்போ உள்ள போலாம், உங்க கேள்வியே உள்ளதான் இருக்கு. கரண்ட் கிடையாது. தண்ணி பைப் கிடையாது. ஏசி, ஹீட்டர் எதுவும் கிடையாது. எப்பவுமே போடல, அதுதான் விஷயம், போட்டுட்டு எடுக்கல. ஏழு தலைமுறை டிரேட்டன்கள் கையில இருந்த வீடு, 1900-களோட பாதி தாண்டின வரைக்கும் குடும்பம் வந்து போய்க்கிட்டு இருந்த வீடு, ஆனா சுவத்தைக் குடைஞ்சு ஒரு வயர் ஓட்டல. பழைய வீட்டை நவீனமாக்குறேன்னு சுவரைக் கொத்தி பைப் விட்டு ஃபால்ஸ் சீலிங் போட்டா பழைய வேலை எல்லாம் போயிடும், இங்க அது எதுவும் நடக்காததால கட்டினவன் கை அப்படியே தெரியுது. சில ரூம்ல மொத்த சரித்திரத்துலயும் ரெண்டு தடவைதான் பெயின்ட் அடிச்சிருக்காங்க, அந்த ரெண்டாவது பூச்சே 1880-கள்ல அடிச்சது. பெயின்ட் உரிஞ்சு செதில் செதிலா நிக்கும், நம்ம கண்ணுக்குச் சிதிலம் மாதிரி தெரியும், ஆனா அதைச் சுரண்டாம விட்டு வச்சிருக்கிறதாலதான் முதல் பூச்சோட நிறம் என்னன்னு இன்னைக்கு ஆராய முடியுது.

டிராயிங் ரூம் சீலிங்கை அண்ணாந்து பாருங்க, கழுத்து வலிச்சாலும் பரவாயில்ல. அச்சுல வார்த்து ஒட்டினது இல்ல, காரை ஈரமா இருக்கும்போதே சாரத்துல மல்லாந்து படுத்துக்கிட்டோ நின்னுக்கிட்டோ கையால வழிச்சு உருவாக்கின பூ வேலை. காரை இறுகுறதுக்குள்ள முடிக்கணும், தப்பு பண்ணா அழிச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கணும். 1700-கள் நடுவுல கையால பண்ணின இந்த மாதிரி சீலிங், அந்த நாட்டுலயே கட்டின இடத்துல இன்னும் இருக்கிறது இது ஒண்ணுதான்னு சொல்றாங்க. பக்கத்துல பெரிய ஹால்ல இருக்கிற சீலிங் பிற்காலத்துல மாத்தினது, ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தா வித்தியாசம் உங்களுக்கே தெரிஞ்சிடும், பின்னது நேர்த்தியா இருக்கும், முன்னது உயிரோட இருக்கும். மாடிப்படி ஹால்ல ரெண்டு பக்கமும் படி ஏறி நடுவுல சேரும், படியோட பக்கவாட்டுச் செதுக்கலைக் குனிஞ்சு பாருங்க.

அப்புறம் ஒரு கதவு நிலை. அதுல பென்சில் கோடு கோடா பேரும் தேதியும், குடும்பத்துப் பிள்ளைங்க உயரம் அளந்து கோடு போட்டது, 1800-கள் கடைசியில இருந்து தொடர்ந்து வருது. ஒரு நாயோட உயரத்தைக் கூட அளந்து போட்டிருக்காங்க! வீட்டைப் புதுசு பண்றேன்னு யாராவது ஒரு தடவை அந்த நிலைக்கு பெயின்ட் அடிச்சிருந்தா அது போயிருக்கும்.

இப்போ அந்த ஆசாரி கேள்விக்கு வர்றேன். இந்த வீட்டுக்கான காசு எங்க இருந்து வந்துச்சு, வேலை யார் பண்ணாங்க? ரெண்டுக்கும் ஒரே பதில்தான், அடிமைப்படுத்தி ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டு வந்த மக்களும் அவங்க பிள்ளைங்களும். சவுத் கரோலினாவுல 1708 வாக்குலயே வெள்ளைக்காரங்களை விட கறுப்பின மக்கள்தான் எண்ணிக்கையில அதிகம். அங்க பணப்பயிர் நெல்லு. இங்கிலாந்துல இருந்து வந்தவனுக்கு நெல்லு விவசாயம் என்ன தெரியும், வரப்பு கட்டுறது, மடை திறந்து மூடுறது, நாத்துக்கு எவ்வளவு தண்ணி நிக்கணும்ங்கிறது, உரல்ல குத்திப் புடைக்கிறது இதெல்லாம் மேற்கு ஆப்பிரிக்காவுல செனகல், காம்பியா, சியரா லியோன் பக்கம் தலைமுறை தலைமுறையா நெல்லு பயிரிட்ட மக்களுக்குத் தெரியும், அதனாலேயே அந்தக் கரையோரத்து மக்களைப் பாத்துப் பாத்து வாங்கினாங்கன்னு சரித்திரக்காரங்க பலர் சொல்றாங்க. வயக்காட்டுல கால் வச்சவங்களுக்கு இது சட்டுனு புரியும், இடுப்பளவு சேத்துல பாம்புக்கும் முதலைக்கும் நடுவுல, கொசுக்கடியில மலேரியா வந்து எத்தனை பேர் செத்திருப்பாங்க. டிரேட்டன் ஹால் அந்த வயல்களுக்கு நடுவுல இருக்கிற வீடு கூட இல்ல, ஜானுக்கு வேற வேற இடத்துல நிறைய எஸ்டேட் இருந்துச்சு, இது தலைமையிடம், பவுசு காட்டுற வீடு.

நெல்லோட சேர்ந்து 1740-கள்ல இருந்து இண்டிகோவும் வந்துச்சு, நம்ம அவுரி குடும்பத்துச் செடிதான். எலைசா லூகஸ்ங்கிற சின்னப் பொண்ணு, அப்பா ஆன்டிகுவா தீவுல இருந்து அனுப்பின விதையை வச்சு சார்ல்ஸ்டன் பக்கம் சோதனை பண்ணிப் பயிராக்கினாங்கன்னு பாடப்புத்தகத்துல எல்லாம் வரும். ஆனா அந்த அவுரியைத் தொட்டியில ஊறப் போட்டு, கலக்கி, நாத்தத்துல நின்னு நீலம் எடுத்த கை யாரோடது, அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

இன்னொரு சங்கதி, வீட்டோட வருஷக் கணக்கோட ஒட்டி வர்றது. ஜான் நிலம் வாங்கின அடுத்த வருஷம், 1739 செப்டம்பர்ல, பக்கத்து ஸ்டோனோ நதிக்கரையில அடிமைப்படுத்தப்பட்டவங்க ஆயுதம் எடுத்துக் கிளம்பிட்டாங்க, ஸ்பெயின்காரங்க கையில இருந்த ஃபுளோரிடா போனா விடுதலைன்னு தெற்கு நோக்கி நடந்தாங்க. வழியில குதிரையில வந்த லெஃப்டினன்ட் கவர்னர் வில்லியம் புல் அவங்களைப் பாத்துட்டு, தப்பிச்சு ஓடிப்போய் ஊரைக் கூட்டிட்டார், கலகம் அடங்கிப்போச்சு, கொன்னு தீர்த்தாங்க. அடுத்த வருஷமே, 1740-ல, நீக்ரோ ஆக்ட்னு ஒரு சட்டம், கூட்டம் கூடக் கூடாது, எழுதக் கத்துக்கொடுக்கக் கூடாதுன்னு. அந்த வில்லியம் புல்லோட மகள் ஷார்லட்டாவைத்தான் ஜான் டிரேட்டன் 1741-ல கட்டிக்கிட்டார். அப்போ இந்தச் சுவர் எழும்புற காலத்துல, சாரத்து மேல நின்னவங்களும் கீழ நின்னு வேலை வாங்கினவங்களும் மனசுல என்ன வச்சுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்திருப்பாங்க? நான் அந்தப் போர்ட்டிகோவுல நிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும், தூணோட அளவை ரசிச்சுக்கிட்டே இருக்கும்போதே வரும்.

மிச்ச சரித்திரத்தை வேகமா சொல்லிடுறேன். அமெரிக்க விடுதலைப் போர் வந்தப்போ, 1779-ல, பிரிட்டிஷ் படை நெருங்குதுன்னு ஜான் குடும்பத்தோட கிளம்பி ஓடினார், வழியில ஆத்தைக் கடக்குற இடத்துலயே உயிர் போச்சு. மூத்த மகன் வில்லியம் ஹென்றி டிரேட்டன் விடுதலைப் பக்கம் பெரிய தலைவர், விடுதலைக்குப் போராடின காலனிகளோட பொதுச் சபையான கான்டினென்டல் காங்கிரஸ் மெம்பர், அவரும் அதே வருஷம் ஃபிலடெல்ஃபியாவுல காலமானார். 1780-ல சார்ல்ஸ்டனைப் பிடிக்க வந்த பிரிட்டிஷ் படை ஆஷ்லி நதியைக் கடந்தது இந்த வீட்டுப் பக்கம்தான். அப்புறம் வீடு இன்னொரு மகன் சார்ல்ஸ் கைக்கு வந்துச்சு, எடின்பரோவுல படிச்ச டாக்டர், செடி கொடி பைத்தியம், 1784-ல இருந்து சாகுற வரைக்கும் 1820 வரை டைரி எழுதியிருக்கார். அந்த வீட்டுல என்ன நடந்துச்சு, என்ன நட்டாங்க, யார் எந்த வேலை பாத்தாங்கன்னு இன்னைக்குத் தெரியறதுக்குப் பாதிக் காரணம் அந்த டைரிதான்.

அடுத்தது உள்நாட்டுப் போர். 1865 பிப்ரவரியில வடக்குப் படை ஆஷ்லி நதிக்கரை வழியா வந்தப்போ வரிசையா எரிச்சாங்க. மிடில்டன் பிளேஸ் எரிஞ்சது, மக்னோலியா எரிஞ்சது. டிரேட்டன் ஹால் மட்டும் எரியல. ஏன்? அந்த நேரத்துல அம்மை நோயாளிங்களை அங்க வச்சிருந்தாங்க, மஞ்சள் கொடி கட்டியிருந்தாங்க, சிப்பாய்ங்க பயந்து போயிட்டாங்கன்னு ஒரு கதை எல்லா கைடும் சொல்வாங்க. நோயாளி நிஜமாவே இல்ல, சும்மா ஏமாத்துறதுக்குக் கொடி மட்டும் கட்டினாங்கன்னும் சொல்வாங்க. நல்ல கதை, ஆனா உறுதியான ஆதாரம் இல்லாத கதை, கேட்டு சிரிச்சுட்டு விட்டுடுங்க.

போருக்கு அப்புறம் நெல்லும் போச்சு, அடிமை முறையும் போச்சு, வீட்டை வச்சுக்க காசு இல்ல. காப்பாத்தினது என்ன தெரியுமா, மண்ணுக்கு அடியில இருந்த பாஸ்பேட். உரம் தயாரிக்க அதைத் தோண்டி விக்கிற தொழில் அந்தப் பக்கம் பூரா கிளம்புச்சு, டிரேட்டன் நிலத்துலயும் தோண்டினாங்க, விடுதலையான குடும்பங்கள்ல நிறைய பேரு அங்கயே தங்கி அந்தச் சுரங்க வேலைதான் பாத்தாங்க. அந்தக் காசுல 1880-கள்ல வீட்டைப் பழுது பாத்தாங்க, நான் மேல சொன்ன ரெண்டாவது பெயின்ட் அந்தக் காலத்துதான். நிலத்தைக் குத்திக் கிளறினது வீட்டைக் காப்பாத்துச்சு, இதுவும் அந்த வீட்டோட கணக்குல எழுத வேண்டிய வரவு செலவுதான்.

அப்புறம் ஷார்லட்டா டிரேட்டன்னு ஒரு அம்மா, ஜானோட மனைவி இல்ல, அதே பேருல பல தலைமுறை பின்னால வந்தவங்க, கல்யாணம் பண்ணிக்கல, வருஷத்துல கொஞ்ச நாள் வந்து இந்த வீட்டுல தங்குவாங்க, விளக்கு ஏத்தி வச்சுக்கிட்டு, தண்ணியை வெளிய இருந்து எடுத்துக்கிட்டு. வசதி இல்லாம இல்ல, வீட்டைத் தொடக் கூடாதுங்கிற பிடிவாதம். 1969-ல அவங்க காலமானாங்க, வீடு அண்ணன் பிள்ளைங்க ரெண்டு பேருக்கு வந்துச்சு, 1974-ல அவங்க அதை பழைய கட்டடங்களைக் காப்பாத்துற அமைப்பான நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஹிஸ்டாரிக் பிரிசர்வேஷனுக்கும் மாநில அரசுக்குமா வித்தாங்க.

இங்கதான் உங்க கேள்விக்கு நேரடி பதில் இருக்கு. கைக்கு வந்ததும் டிரஸ்ட் முன்னால ரெண்டு வழி. எல்லாரும் பண்ற வழி, ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்து, 1750-ன்னு வச்சுக்கோங்க, அந்த வருஷம் எப்படி இருந்திருக்குமோ அப்படி மாத்துறது, பின்னால வந்ததை எல்லாம் உரிச்சு எடுத்துட்டு புது பெயின்ட், அந்தக் கால மேஜை, கட்டில், மெழுகுவர்த்தி ஸ்டாண்ட், தட்டுல பிளாஸ்டிக் பழம். இன்னொண்ணு, எந்த நிலையில கைக்கு வந்துச்சோ அந்த நிலையிலயே இன்னும் மோசமாகாம நிறுத்தி வைக்கிறது. அவங்க ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தாங்க, சாமானும் வைக்கல. 1970-கள்ல அது சாதாரண முடிவு இல்ல, காலி வீட்டைப் பாக்க யார் வருவாங்கன்னு நீங்க கேக்கிற இதே கேள்வியை அன்னைக்கும் கேட்டிருப்பாங்க.

என் அபிப்பிராயம், அவங்க பண்ணதுதான் சரி. சாமான் வச்ச வீட்டுல நம்ம கண்ணு சாமானைத்தான் பாக்கும், அதுவும் முதலாளியோட சாமானை மட்டும். அந்த வெள்ளித் தட்டும் பட்டுத் திரையும் பாத்துட்டு, ஆஹா என்ன வாழ்வுன்னு வெளிய வந்துடுவோம். காலியா இருக்கிற ரூம்ல வேற வழியில்லாம சுவரைப் பாக்குறோம், சீலிங்கைப் பாக்குறோம், பேஸ்மென்ட்ல தேய்ஞ்சு போன தரையைப் பாக்குறோம், அதெல்லாம் வேலை செஞ்சவங்களோட கையும் காலும் பட்ட இடம். தோட்டத்துல தோண்டினப்போ சீனப் பீங்கான் துண்டும் கிடைச்சிருக்கு, அடிமைப்படுத்தப்பட்டவங்க கையால வனைஞ்சு சுட்ட மண் சட்டி ஓடும் கிடைச்சிருக்கு. அதுல சிலதை விசிட்டர் சென்டர்ல வச்சிருக்காங்க, வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி அதைப் பாத்துட்டுப் போங்க.

ஆனா ஒண்ணு, சாமான் வச்ச வீடு வேணும்னு வீட்டுல அடம் பிடிச்சா டிரேட்டன் ஹால் மட்டும் போய் ஏமாந்துடாதீங்க. அதே ரோட்டுல மிடில்டன் பிளேஸ்ல எரியாம தப்பிச்ச ஒரு பக்கக் கட்டடத்துல குடும்பத்துச் சாமான் இருக்கு, தோட்டமும் அருமை. மக்னோலியாவுல தோட்டம்தான் முக்கியம், 1870-கள்ல இருந்தே டிக்கெட் போட்டு ஜனங்களை விட்ட தோட்டம், பிள்ளைங்களுக்கு அது பிடிக்கும். ஒரே நாள்ல மூணும் பாக்கலாம்னு பிளான் போடாதீங்க, கால் விட்டுப்போயிடும், ரெண்டு போதும்.

டிரேட்டன் ஹாலுக்கு காலையில முதல் டூருக்குப் போங்க, கரண்ட் இல்லாததால உள்ள வெளிச்சம் ஜன்னல் வழியா வர்றது மட்டும்தான், காலை வெயில் சாய்வா விழும்போது மர வேலைப்பாடெல்லாம் எடுத்துக் காட்டும், மேகமூட்டமான சாயங்காலம் போனா பாதி தெரியாது. கோடையா இருந்தா கொசு மருந்து கட்டாயம். வீட்டுக்குள்ள சுவரைத் தொடாதீங்க, பிள்ளைங்க கையைப் பிடிச்சுக்கோங்க, அந்த பெயின்ட் செதில் ஒண்ணு விழுந்தாலும் அது திரும்ப வராது.

இன்னும் ஒரு இடம், கேட்டுக்குள்ள நுழைஞ்சதுமே பக்கத்துல வரும், நிறைய பேரு கார்லயே தாண்டிப் போயிடுறாங்க. ஆப்பிரிக்க அமெரிக்கர்களோட கல்லறை இடம், 1790 வாக்குல இருந்து இருக்குன்னு சொல்றாங்க. புல்வெளி, பூந்தொட்டி எதுவும் இருக்காது, மரமும் சருகுமா காடு மாதிரியே விட்டிருப்பாங்க, நிறைய குழிக்குக் கல்லே கிடையாது, மண்ணு லேசா உள்வாங்கி இருக்கிறதை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். ரிச்மண்ட் போவன்ஸ்னு ஒருத்தர், 1908-ல இந்த எஸ்டேட்ல பிறந்தவர், அவர் முன்னோர்கள் இங்க அடிமைப்படுத்தப்பட்டு இருந்தவங்க, டிரேட்டன்களோட சேர்ந்து கரீபியன் தீவான பார்படோஸ்ல இருந்து வந்தவங்கன்னு அந்தக் குடும்பத்துல சொல்லிக்கிறது உண்டு. வெளியூர்ல வேலை பாத்துட்டு வயசான காலத்துல திரும்பி வந்து, வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்த பிறகு இங்கயே கேட்டுல நின்னார், வர்றவங்களுக்கு யார் எந்த வீட்டுல இருந்தாங்க, யாரு எங்க புதைச்சிருக்குன்னு கதை சொன்னார், அவர் சொன்னதை ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்காங்க. டிரேட்டன் குடும்பத்துக்கு டைரி இருந்துச்சு, இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அவர் ஞாபகம்தான் டைரி. அந்தக் கல்லறை இடத்தைச் செதுக்கிச் சிங்காரிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்னு சொன்னவரும் அவர்தான். 1998-ல காலமானப்போ அவரையும் அங்கதான் அடக்கம் பண்ணாங்க. வாசல்ல இரும்பு வளைவுல அவர் விருப்பத்தையே எழுதி வச்சிருக்காங்க, "லீவ் எம் ரெஸ்ட்"னு, அவங்க தூங்கட்டும் விடுங்கன்னு அர்த்தம்.

நான் இப்போல்லாம் காரை அங்க நிறுத்திட்டு ஒரு பத்து நிமிஷம் அங்க நின்னுட்டுத்தான் வீட்டுக்குப் போறது. உங்களுக்கு முடிஞ்சா நீங்களும் அந்த வரிசையிலயே பாருங்க, வர்ற வழியில இல்ல, போற வழியிலயே.